குரல் வராத திங்கட்கிழமை

போன வாரம் நான் நம் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் வாடிக்கையாளரிடம் சொன்னது காதில் விழுந்தது. "எல்லாத்தையும் ஹைல வெச்சுட்டேன் சார். இனிமே ஒரு வைரஸும் உள்ள வராது." வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். ஓய்வு பெற்றவன் கடையில் நின்று குறுக்கே பேசினால் நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பு அமைப்புகளை இறுக்குவதை நம் கடையில் 'டைட் பண்றது' என்போம். அதற்கென்று கருவிகள் இன்று நிறைய இருக்கின்றன. எங்கள் காலத்திலும் இருந்தன. நூறு அமைப்புகளைத் தேடித் தேடி மாற்ற வேண்டியதில்லை. கருவியைத் திறந்தால் குறைவு, நடுத்தரம், மிக உயர்வு என்று மூன்று பட்டன்கள். நானும் உங்களைப் போல மூன்றாவதைத்தான் அழுத்தினேன். அப்போது எனக்கு நாற்பது வயது. அனுபவம் இல்லாதவன் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது.

பாபநாசத்துக்குப் பக்கத்து ஊரில் ஸ்டெல்லா என்று ஒருவர் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. கல்லூரிப் படிப்பு முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, எழுத்தாக்கி அனுப்பும் வேலை. அந்த ஊருக்கு பிராட்பேண்ட் வந்து நான்கைந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன. கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தவர் சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய அண்ணன் ஜோசப்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஒரு புரோகிராமை ஜோசப் லீவில் வந்தபோது போட்டுக் கொடுத்திருந்தார். வீட்டில் அதற்குப் பெயரே 'குரல்' என்றுதான். ஸ்டெல்லாவின் ஒரு காதில் டாக்டர் பேசுவார், மறு காதில் அந்தக் குரல் பேசும். கால் பெடலை அழுத்தி டாக்டரை நிறுத்துவார், ஓட்டுவார். கை கீபோர்டில். மானிட்டரை அவர் ஆன் செய்வதே இல்லை. "எனக்கு எதுக்குண்ணே அது, கரெண்டு செலவு" என்பார். அடிக்கடி வரும் மருத்துவச் சொற்களுக்குச் சுருக்கம் வைத்திருந்தார். மூன்று எழுத்தைத் தட்டினால் முழு வரி வந்து நிற்கும். நான்கு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அவருடைய வேகம் முழுக்க அந்தச் சுருக்கங்களில் இருந்தது.

உறவுக்காரர் ஒருவர் கல்யாண போட்டோக்களைக் காட்டுவதற்காகக் கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ் இருந்தது. அது ஸ்டெல்லாவின் பெயரில் அவருடைய நிறுவனத்துக்கே மெயில் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் கம்ப்யூட்டர் என்பதால் நிறுவனம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: திங்கட்கிழமைக்குள் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பாக்க வேண்டும், இல்லையென்றால் டாக்டர்களின் பதிவு ஃபைல் எதுவும் வராது.

சனிக்கிழமை மதியம் போனேன். வைரஸை நீக்கினேன். அது ஒளிந்திருக்கும் என்று பழைய நிலைக்குத் திரும்பும் வசதியையும் அணைத்து, அதற்காகக் கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருந்த பழைய நிலைகளை எல்லாம் அழித்தேன். அன்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஸ்டெல்லாவின் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றி, பாஸ்வேர்டு போடச் சொல்லி, நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டாக்கினேன். இதுவரை செய்தது எல்லாம் சரி. பிறகு கருவியைத் திறந்து 'மிக உயர்வு' அழுத்தினேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது.

"என்னென்ன மாத்துனீங்கண்ணே?" என்று ஸ்டெல்லா கேட்டார்.

"எல்லாம் நல்லதுக்குத்தாம்மா. இனி ஆன் பண்ணிட்டு, கொஞ்சம் பொறுத்து பாஸ்வேர்டைத் தட்டி என்டர் அடிங்க, அவ்வளவுதான்."

மாற்றங்கள் அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் அமலுக்கு வரும். ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வேலை செய்யமாட்டார். காலையில் கோயில் பூசை, பிறகு வீடு. திங்கள் காலை ஆறரைக்கு என் செல்போன் அடித்தது.

"அண்ணே, குரல் வரலை."

"பாஸ்வேர்டு போட்டீங்களா?"

"மூணு தடவை போட்டேன். போட்டது எங்க போச்சுன்னே தெரியலை. ஒண்ணும் பேச மாட்டேங்குது."

அவருடைய அப்பா அந்தோணிசாமியைக் கூப்பிட்டு மானிட்டரை ஆன் செய்யச் சொன்னேன். அவர் விவசாயி. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், இங்கிலீஷ் தெரியாது. போனை வாங்கி, பார்த்ததைச் சொன்னார்.

"நடுவுல ஒரு பெட்டி இருக்கு தம்பி. எழுதறதுக்கு எடமே இல்லை. ரெண்டு வரி இங்கிலீஷு."

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் உள்ளே போகும் பெட்டியே வரும் என்று கருவி மாற்றியிருந்தது. அதை அழுத்தச் சொன்னேன்.

"இப்ப ரெண்டு பாத்தி மாதிரி வந்துருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டும் காலி."

கடைசியாக உள்ளே வந்தவரின் பெயரைக் காட்டாமல் மறைப்பது இன்னொரு அமைப்பு. பெயரையும் தட்ட வேண்டும். ஸ்டெல்லா தட்டினார். பாஸ்வேர்டையும் தட்டினார்.

"வந்துருச்சு, வந்துருச்சு! நீலமா முழுசா வந்துருச்சு!" என்றார் அந்தோணிசாமி. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே, "ஆனா ஒரு பெட்டி குதிச்சுருக்கு தம்பி. செவப்பா ஒரு வட்டம், பக்கத்துல மூணு வரி" என்றார்.

குரல் வரவில்லை. அந்தப் புரோகிராமைக் கருவி தடுத்துவிட்டது. கடையிலிருந்தபடியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சரிசெய்யும் வழி ஒன்று உண்டு. அதையும் நானே சனிக்கிழமை அடைத்துவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது மணி எட்டே முக்கால். ஸ்டெல்லா கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு ஃபைல்கள் வந்து காத்திருந்தன. மாலை நான்கு மணிக்குள் போக வேண்டும்.

நிர்வாகக் கணக்கில் நுழைந்து கருவியைத் திறந்தேன். மாற்றுவதற்கு முன் இருந்த நிலையை ஒரு ஃபைலாகச் சேமிக்கச் சொல்லும் இடம் அதில் இருந்தது. நான் சேமிக்கவில்லை. பழைய நிலைக்குத் திரும்பும் வசதியைத்தான் அழித்தாயிற்றே. 'ஆரம்ப நிலை' என்று ஒரு பட்டன் மட்டும் இருந்தது. கை அதன் மேல் போனது. அழுத்தினால் கம்ப்யூட்டர் வாங்கிய நாளில் இருந்த நிலைக்குச் சில அமைப்புகள் போகும். எவை போகும், எவை நிற்கும், ஸ்டெல்லாவின் வேலைக்கான புரோகிராம் அதில் என்ன ஆகும், எனக்குத் தெரியாது. என்ன செய்யும் என்று தெரியாத ஒரு பட்டனை சனிக்கிழமை அழுத்தியாயிற்று. இப்போது பயத்தில் இன்னொன்றை அழுத்தப் பார்க்கிறேன். கையை எடுத்தேன்.

அந்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து ஜோசப் கூப்பிட்டார். ஸ்டெல்லா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஃபார்மட் பண்ணிடுங்க சார். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடுங்க. வைரஸ் உள்ள பூந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சு போல. அதானே?"

நம் தொழிலில் இதைவிட வசதியான கேள்வி கிடையாது. 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஃபார்மட் செய்தால் என் தப்பும் சேர்ந்து அழிந்துவிடும், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் மறுபடி போட்டு, நிறுவனத்தின் புரோகிராமுக்குச் சென்னையிலிருந்து அனுமதி வாங்கி முடிக்க அன்றைய பொழுது போய்விடும். சுருக்கங்கள் எந்த ஃபைலில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும், ஆனால் குரல் இல்லாமல் அவரால் காட்ட முடியாது. பென் டிரைவில் எடுத்து வைக்கலாம் என்றால் அந்த வழியையும் அடைத்து வைத்திருந்தேன்.

ஸ்டெல்லா என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

"இல்லை தம்பி, வைரஸ் இல்லை. வைரஸ் சனிக்கிழமையே போயிருச்சு. இது நான் செஞ்சது. எதை மாத்துறேன்னு பாக்காம மாத்திட்டேன். ஃபார்மட் பண்ண வேணாம். எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? அவ வேலை சார்" என்றார் ஜோசப்.

"தெரியும் தம்பி."

போனை வைத்த உடனே சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். ஃபைல்களைப் பிரித்துக் கொடுக்கும் மேடம். அவர் பேசியது எனக்கும் கேட்டது. "வீட்ல இருந்து பாக்கறவங்களோட இதே தொல்லையாப் போச்சு ஸ்டெல்லா. போன வாரம் வைரஸ், இந்த வாரம் இது. இன்னிக்கும் வரலைன்னா உங்க பேரை லிஸ்ட்ல வெச்சுக்க என்னால பேச முடியாது."

"நாலு மணிக்குள்ள எவ்வளவு முடியுதோ அனுப்பறேன் மேடம்" என்றார் ஸ்டெல்லா. போனை வைத்ததும் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, அந்தக் கருவியில என்னென்ன இருக்குன்னு வரிசையாப் படிங்க. ஒண்ணு விடாம. எனக்கு எது இடிக்கும்னு நான் சொல்றேன்."

நான் அப்படி யோசித்திருக்கவே இல்லை. கம்ப்யூட்டர் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்வது எப்படி என்று தெரிந்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். படிக்க ஆரம்பித்தேன். இங்கிலீஷில் ஒரு வரி, அது என்ன செய்யும் என்று தமிழில் ஒரு வரி.

"பென் டிரைவைச் சொருகினதும் அதுல இருக்கறது தானா ஓடாது."

"நல்லது. இருக்கட்டும்."

"பத்து நிமிஷம் கீபோர்டைத் தொடலைன்னா திரை பூட்டிக்கும்."

"ஆகாதுண்ணே. சில டாக்டருங்க வாய்க்குள்ளேயே பேசுவாங்க. அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருப்பேன். கால்தான் வேலை செய்யும், கை செய்யாது. அரை மணியாக்குங்க."

"கடைசியா வந்தவங்க பேரை மறைக்கும்."

"இந்த வீட்ல யாரு எட்டிப் பாக்கப் போறா? எடுத்துடுங்க."

"மூணு கீயைச் சேர்த்து அழுத்தினாத்தான் உள்ள வர முடியும்." இதைப் படித்துக்கொண்டே எடுப்பதற்காக மவுஸை நகர்த்திவிட்டேன். காலையில் அவரைத் தவிக்கவிட்டது இதுதானே.

"அதை எதுக்கு எடுக்கறீங்க? நல்லதுதானே?"

"நல்லதுதாம்மா. போலியா ஒரு பாஸ்வேர்டு பெட்டியைக் காட்டி ஏமாத்த முடியாது."

"அப்ப இருக்கட்டும். இப்படி ஒண்ணு இருக்குன்னு சனிக்கிழமையே சொல்லியிருந்தா காலையில நானே அழுத்தியிருப்பேனே."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். பாவம், பார்வையில்லாதவர், பாதுகாப்பைக் குறைத்துக் கொடுத்துவிடலாம் என்று மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது அது இல்லை.

பாதிப் பட்டியலைத் தாண்டிய பிறகு அந்த வரி வந்தது. குறிப்பிட்ட இரண்டு ஃபோல்டர்களில் இருக்கும் புரோகிராம்கள் மட்டுமே ஓடலாம். படித்ததுமே ஸ்டெல்லா, "குரல் டி டிரைவுல இருக்குண்ணே. அண்ணன் அங்கதான் போட்டுச்சு" என்றார். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அனுமதித்தேன். மற்ற தடையெல்லாம் அப்படியே இருந்தது. அணைத்துப் போட்டேன். ஸ்டெல்லா மூன்று விசைகளை அழுத்தி, பாஸ்வேர்டைத் தட்டினார்.

'டெஸ்க்டாப்' என்றது குரல். இயந்திரம் பேசுவது போன்ற ஓர் ஆண் குரல், நன்றாகவே இருக்காது. அன்றைக்கு அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்றிருந்த அந்தோணிசாமி, "வாயத் தொறந்துருச்சா?" என்று உள்ளே வந்தார்.

மீதிப் பட்டியலையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தோம். குரல் வந்துவிட்டதே, மற்றதை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். ஸ்டெல்லா கேட்கவில்லை. "பாதி வேலையில இன்னொண்ணு நின்னுபோனா?" என்றார். அப்படி ஒன்று இருக்கவும் செய்தது: எழுதி முடித்ததை நிறுவனத்துக்கு அனுப்பும் வழி அடைபட்டிருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் மூன்றரை மணிக்குத்தான் தெரிந்திருக்கும்.

பதினொன்றரைக்கு அவர் பெடலில் கால் வைத்தார். நான் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் போயிருக்கும்.

"அண்ணே, நீங்க மூச்சு விடற சத்தம் கேக்குது. வெளிய உக்காருங்க."

வெளியே அந்தோணிசாமியோடு உட்கார்ந்தேன். குறுவை அறுவடைக் காலம். மேற்கே மேகம் கட்டியிருந்தது. "அறுப்பு முடிஞ்சுதாங்க?" என்று கேட்டேன். "ஆகும் தம்பி" என்றார். டீ கொடுத்தார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான்கு மணிக்குள் ஆறு ஃபைல்கள் போய்விட்டன. ஏழாவதை அந்த மேடம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லாவின் பெயர் லிஸ்டில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோதுதான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை அறுவடை மெஷின் அவர்கள் வயலுக்கு வருவதாக இருந்தது. திரையைப் பார்த்துச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை என்று அந்தோணிசாமி மெஷினை அடுத்தவர் வயலுக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்று சாயங்காலம் மழை. மெஷின் திரும்பி வர ஐந்து நாள் ஆனது. கதிர் சாய்ந்து, வயலோரம் கொஞ்சம் நெல் முளைவிட்டுவிட்டது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு ஸ்டெல்லாதான் சொன்னார். என் ஐந்து நிமிட அவசரம் ஒரு வயல் வரைக்கும் போயிருந்தது. அந்தோணிசாமியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேச்சில் எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை. இன்றும் இல்லை.

நான் அப்படிப் போயிருந்த அன்று, வீட்டுக்குள் இருக்கும்போதே ஸ்டெல்லாவுக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோருடைய கம்ப்யூட்டரையும் நிறுவனத்தின் ஆள் ஒருவர் போனிலேயே கேட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போக எழுந்தேன். ஸ்டெல்லா மேஜை இழுப்பறையைத் திறந்து தடித்த தாள்கள் இரண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முழுக்கப் பிரெயில் புள்ளிகள். விரலால் தடவிக்கொண்டே ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். எது இறுக்கமாக இருக்கிறது, எதைத் தளர்த்தியிருக்கிறார், தளர்த்தியதற்கு என்ன காரணம். திரை அரை மணிக்குப் பூட்டுவது ஏன் என்று அந்த ஆள் கேட்டதற்குப் பெடலைப் பற்றி விளக்கினார். அவர் ஒப்புக்கொண்டார். கடைசியில், "இவ்வளவையும் யாரு லிஸ்ட் போட்டுக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் சார் போட்டேன்."

அன்றைக்கு நான் படித்ததை எல்லாம் நினைவில் வைத்திருந்து சாயங்காலமே குத்தி வைத்துவிட்டாராம். அத்தனை வருடத் தொழிலில், ஒரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் என்ன செய்தேன் என்று என் கையில் ஒரு தாள்கூட இருந்ததில்லை.

"எனக்கு ஒரு காப்பி வேணும்மா" என்றேன்.

"இது உங்களுக்குப் படிக்க வராதேண்ணே. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு வரிகள். ஒவ்வொரு வரியையும் சொல்லிவிட்டு விரலை அதிலேயே வைத்துக்கொண்டு, "எழுதிட்டீங்களா?" என்று கேட்பார். நான் எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டிய பிறகுதான் விரல் அடுத்த வரிக்குப் போனது.